சந்திரரோகம்

பிரசங்கத்தின் நடுவில் போதகர் நின்றுபோனார். "ஆகையினாலே பிரியமானவர்களே" என்று ஆரம்பித்த வாக்கியம் பாதியில் தொங்கியது. வலது கை சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகத் தொடங்கியது. எதையோ சப்பிச் சுவைப்பதுபோல உதடுகள் அசைந்தன. கண்கள் சபையாரின் தலைகளுக்கு மேலே, சுழலும் மின்விசிறிக்கும் மேலே, எதையோ பார்த்தபடி நிலைத்தன. சபைக்கு இது புதிதல்ல. ஐயாமேல் ஆவியானவர் இறங்கிவிட்டார் என்று எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பின்வரிசையில் யாரோ வாய்க்குள்ளேயே ஸ்தோத்திரம் சொன்னார்கள். டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த ஜெபக்கூடத்தில் இப்படி ஒரு நிசப்தம் அவ்வப்போது வரும். அந்த நிசப்தத்துக்காகவே படியேறி வருகிறவர்களும் உண்டு.

கீபோர்டுக்குப் பின்னால் இருந்த டீச்சர் மட்டும் அன்றைக்குத் தலையைக் குனியவில்லை. போதகரின் மனைவி அவள். பக்கத்துத் தெருப் பள்ளியில் அறிவியல் நடத்துவதால் சபையில் எல்லோருக்கும் அவள் டீச்சர்; கட்டிக்கொண்டவருக்கும் அப்படித்தான். அடுத்த பாட்டுக்கு எந்தச் சுருதி என்று கேட்பதற்காக அவர் முகத்தைப் பார்த்தவள், அவருடைய வாயோரத்தில் எச்சில் நூல்போல இறங்குவதைப் பார்த்தாள். இத்தனை வருடம் குனிந்தே இருந்ததால் பார்க்காமல் விட்ட முகம் அது. எழுந்து போவதற்குள் அவர் உடம்பு விறைத்து, மைக் ஸ்டாண்டோடு சாய்ந்து விழுந்தார். ஒலிபெருக்கி முழுக்க அந்தச் சத்தம்தான் கேட்டது.

நரம்பு டாக்டர் டீச்சரைவிடச் சின்னவள். மூளையின் ஸ்கேன் படத்தை விளக்குப் பலகையில் மாட்டி, பேனா முனையால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். காதுக்குச் சற்று உள்ளே, ஒரு பழைய தழும்பு.

"இந்த வலிப்பு புதுசா வந்தது இல்ல. சின்ன வயசுல கடுமையான காய்ச்சல் ஏதாவது வந்திருக்கும். வர்றதுக்கு முன்னாடி உங்களுக்கு ஏதாவது தெரியுமா? வாசனை, பயம், வயித்துலேர்ந்து ஏதோ ஏறி வர்ற மாதிரி?"

"ரப்பர் கருகுற வாசனை வரும்," என்றார் போதகர்.

"கீழே டயர் கடை டாக்டர்," என்றாள் டீச்சர் அவசரமாக.

"வீட்லயும் வரும்."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்துத் தலையணையில் படுத்து எழுகிற மனிதனிடம் தனக்குத் தெரியாத ஒரு வாசனை இருந்திருக்கிறது.

"சில பேருக்குச் சந்தோஷம் வரும்," என்றாள் டாக்டர். "காரணமே இல்லாம. உங்களுக்கு அப்படி?"

போதகர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார். எத்தனையோ மேடைகளில், கேட்கிறவர்களின் கண்ணில் நீர் வரும்படி சொன்ன சாட்சியை இப்போது, மருந்துக் கம்பெனி காலண்டர் தொங்கிய அறையில், குரலை உயர்த்தாமல் சொன்னார். ஒரு பெரிய ஹோட்டலில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர் அவர். அடித்தளத்தில் பேனல் மாற்றுகிற வேலை. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நின்றபோது அந்த வெளிச்சம் வந்தது. சுவர், வயர், கை எல்லாம் அதற்குள் கரைந்தன. தன் பெயரைச் சொல்லி யாரோ அழைத்தார்கள். ஆயுள் முழுக்கத் தேடியது கிடைத்துவிட்டதுபோல இருந்தது. அடுத்த வாரமே வேலையை விட்டார். தொட்டிலில் மகன் இருந்தான். டீச்சருக்கு அப்போது வேலை இல்லை. அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு வந்தவரிடம் என்ன வாதம் செய்ய முடியும்.

"மெயின் ஆஃப்ல இருந்தது டாக்டர். துளி கரண்ட் கிடையாது. அதைத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு வந்தேன்." அவர் டாக்டரை நேராகப் பார்த்தார். "அப்போ அது என்ன?"

டாக்டர் பேனாவை மூடினாள். "மூளையில அந்த இடத்துல மின்சாரம் தாறுமாறா ஓடினா வெளிச்சம் வரும், குரல் வரும், சந்தோஷம் வரும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அதுக்கு மேல நீங்க கேக்கற கேள்விக்கு நான் டாக்டர் இல்ல. ஆனா மாத்திரை போடலைன்னா அடுத்த தடவை நீங்க விழற இடம் மாடிப்படியா இருக்கலாம்."

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது போதகர் திடீரென்று சிரித்தார். "உள்ள ஒரு மெயின் இருந்திருக்கு டீச்சர். அதை அணைக்க மறந்துட்டேன்." பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவும் துணிவு வரவில்லை. வருகிற பஸ்ஸின் எண்ணைப் படிப்பதுபோல நின்றாள்.

டீச்சருக்கு மனதில் இரண்டு அலமாரிகள். ஒன்றில் பள்ளிக்கூடம், இன்னொன்றில் சபை. ஒன்றைத் திறக்கும்போது மற்றதைச் சாத்திவிடுவாள். போன வருடம் வகுப்பில் பாறைகளைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தபோது, சபைக்கும் வருகிற ஒரு சிறுமி எழுந்து கேட்டாள்: "டீச்சர், பூமியை ஆறு நாள்ல படைச்சதா, கோடிக்கணக்கான வருஷமா?" லாரி டிரைவரின் மகள் அவள். ஓர் இடத்தில் நில்லாமல் தத்திக்கொண்டே இருப்பதால் எல்லோருக்கும் குருவி. டீச்சர் சாக்பீஸைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "பரீட்சையில கோடி வருஷம்னு எழுது. மத்ததை ஞாயித்துக்கிழமை வந்து கேளு." வகுப்பே சிரித்தது. ஞாயிற்றுக்கிழமை குருவி வந்தாள், கேட்கவில்லை. கேட்காதது நல்லதாகப் போயிற்று என்று டீச்சரும் பேசாமல் இருந்துவிட்டாள். இரண்டு அலமாரிகளும் சண்டையில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இப்போது டாக்டரின் பேனா இரண்டையும் ஒரே குத்தாகக் குத்திவிட்டது.

காலையும் மாலையும் மாத்திரை. அவள் எடுத்து வைப்பாள், அவர் விழுங்குவார். சபைக்கு "அசதி, தலைசுற்றல்" என்று மட்டும் சொன்னார்கள். பொய் இல்லை, ஆனால் உண்மையும் இல்லை. பொத்தான் திருகுவது நின்றது. ரப்பர் வாசனை நின்றது. அதோடு இன்னொன்றும் நின்றது. விடிகாலையில் முன்னறையில் முழங்காலில் நிற்பவர், முன்பெல்லாம் எழுந்து வரும்போது முகம் கழுவித் துடைத்ததுபோல இருப்பார். இப்போது சீக்கிரமே எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பிரசங்கங்கள் சுருங்கின. ஒரு நாள் தேநீரை ஆற்றியபடி அவராகவே சொன்னார்.

"குடியிருந்தவங்க காலி பண்ணிட்டுப் போன வீடு மாதிரி இருக்கு. ஆணி அடிச்ச தடம் இருக்கு. படம் இல்ல."

"மாத்திரை பழக நாளாகும்னு டாக்டர் சொன்னாங்களே," என்றாள். சொன்ன பிறகு, பசிக்கிறது என்றவரிடம் மணி என்ன என்று சொன்னதுபோல அவளுக்கே இருந்தது.

அந்த மாதக் கடைசியில் குருவி வகுப்பில் விழுந்தாள். ஆய்வகத்தில் ஸ்பிரிட் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பீக்கரில் தண்ணீர் சுடவைத்து வெப்பமானியைப் பார்க்கிற சின்னச் சோதனை. குருவியின் கண் ஒரு பக்கமாகப் போனதை டீச்சர் பார்த்தாள். இப்போது பார்க்கக் கற்றுக்கொண்ட கண் அல்லவா. ஓடிப்போய் விளக்கைத் தட்டி அணைப்பதற்கும் சிறுமி மேசையோடு சாய்வதற்கும் சரியாக இருந்தது. சுடுநீர் முழுவதும் டீச்சரின் முன்கையில் கொட்டியது. மற்றப் பிள்ளைகளை வெளியே போகச் சொல்லிவிட்டு, குருவியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, காலரைத் தளர்த்தி, தலைக்கடியில் தன் கைப்பையை வைத்தாள். உதறல் அடங்கும்வரை தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். நெருப்பு, தண்ணீர். நடுவில் விழுகிற பிள்ளை. எங்கேயோ படித்த காட்சி என்று தோன்றியது. எங்கே என்று நினைவு வந்தபோது எரிகிற கையைவிட அது அதிகமாகச் சுட்டது.

குருவியின் அம்மா ஓடிவந்தாள். மகளை மடியில் போட்டுக்கொண்டு அழுதாளே தவிர, ஆச்சரியப்படவில்லை.

"இந்த வலிப்புக்கு மாத்திரை போட்டுக்கிட்டு இருந்தாளே?" என்றாள் டீச்சர்.

"நிறுத்திட்டோம் டீச்சர். ஐயா தலையில கை வைச்சு ஜெபம் பண்ணினாங்க இல்ல, அதுக்கப்புறம் வரவே இல்ல. குணமாயிடுச்சுன்னு சபையில சாட்சி கூடச் சொன்னோமே. மறுபடியும் மாத்திரை கொடுத்தா விசுவாசம் இல்லாத மாதிரி ஆயிடும்னு இவங்க அப்பா சொன்னார்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஐயாகிட்ட சொல்லிடாதீங்க. மறுபடி வந்துடுச்சுன்னா எங்ககிட்டதான் ஏதோ குறைன்னு ஆகும்."

அந்தச் சாட்சி சொன்ன ஞாயிற்றுக்கிழமை டீச்சருக்கு நன்றாக நினைவிருந்தது. அவள்தான் கீபோர்டு வாசித்தாள். அதற்குப் பிறகு குருவியின் மாத்திரையைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் அது சபை விஷயம். சபையில் அது பள்ளிக்கூட விஷயம். இரண்டு அலமாரிகளுக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டிருந்தாளே, அந்த இடத்தில்தான் பிள்ளை விழுந்திருக்கிறது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கைக்கட்டைப் பார்த்து என்ன என்று கேட்ட கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் பூசி மெழுகவில்லை. அவர் கேட்டுக்கொண்டே போய் சாளரத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

"நானும் நிறுத்திட்டேன்," என்றார்.

"எதை?"

"மாத்திரையை. நீ வைச்சுட்டுப் போறதை எடுத்துக் குப்பைத் தொட்டியில போட்டுடறேன். கொஞ்ச நாளாச்சு."

"ஏன்?"

"அது திரும்பி வருமான்னு காத்துக்கிட்டிருந்தேன்." அவர் திரும்பவில்லை. "வியாதியாவே இருந்துட்டுப் போகட்டும் டீச்சர். அதுல அவர் இருந்தார்."

அழுவாளென்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். அவள் உள்ளே போய் வேதப்புத்தகத்தை எடுத்துவந்தாள். மலையிலிருந்து இறங்கி வருகிற இயேசுவிடம் ஒரு தகப்பன் தன் மகனுக்காகக் கெஞ்சுகிற இடத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் பலமுறை பிரசங்கித்த பகுதி. பிசாசின் பிடியிலிருந்து விடுதலை என்று தலைப்பே வைத்திருந்தார்.

"சுவிசேஷம் எழுதினவங்கள்ல ஒருத்தர் ஊமையான ஆவின்னு எழுதறார். இங்கே இன்னொருத்தர் சந்திரரோகம்னு எழுதறார். நிலாவால வர்ற வியாதின்னு அப்ப நினைச்சாங்க. ஒரே பையன், ஒரே அப்பா. பேர் மட்டும்தான் வேற. நெருப்புல விழறான், தண்ணியில விழறான்னு அந்த அப்பா சொல்றார் பாருங்க, அது எதுவும் மாறலை. நான் இன்னைக்கு நேர்ல பார்த்தேன்."

"ஆவியை அதட்டினார்னுதானே எழுதியிருக்கு."

"எழுதியிருக்கு. எப்படிக் குணமாச்சுன்னு எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆனா அந்தப் பையனைப் பார்த்துட்டு, இவனுக்கு வெளிச்சம் தெரியுது, இப்படியே இருக்கட்டும்னு அவர் விட்டுட்டுப் போகலை. கையைப் பிடிச்சுத் தூக்கினார்."

போதகர் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வகுப்பில் பேசுகிற குரலில் பேசிவிட்டோமோ என்று நினைத்தாள். வீட்டில் அந்தக் குரலை அவள் எடுத்ததே இல்லை.

"சட்டையை மாத்திக்கறேன்," என்றார் அவர் கடைசியாக. "டிரைவர் வீட்டுக்குப் போயிட்டு வரலாம்."

டிரைவர் அன்றைக்குத்தான் வெளியூர் ஓட்டத்திலிருந்து திரும்பியிருந்தார். போதகரைக் கண்டதும் கட்டிலில் விரித்திருந்த துணிகளை அள்ளி ஓரமாகப் போட்டு இடம் செய்தார். மகளுக்குத் திரும்ப வந்ததை மறைக்கப் பார்த்தார். சரியாகச் சாப்பிடாததால் மயக்கம் என்றார். போதகர் இரண்டு டம்ளர் தண்ணீர் கேட்டார். வந்ததும் ஒன்றைக் குருவியிடம் கொடுத்தார். பையிலிருந்து தன் மாத்திரையை எடுத்து எல்லோரும் பார்க்க விழுங்கினார்.

"எனக்கும் இதே வியாதிதான் தம்பி. பிள்ளைக்கு அவளோட மாத்திரையைக் கொடுங்க. நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. நிறுத்தச் சொல்லி நான் சொல்லலை. ஆனா நிறுத்தாதேன்னும் சொல்லலை."

டிரைவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவர் முகத்தில் வந்தது கோபம் இல்லை. வழிகேட்டுப் போனவன் ஊர் தாண்டி வந்துவிட்டதை உணர்கிற முகம்.

"என் பொண்ணு தலையில கை வைச்சப்போ உங்க உடம்பே நடுங்கிச்சே ஐயா. வெளிச்சம் பார்த்தேன்னு சொன்னீங்க. இது கர்த்தர் கொடுக்கற அடையாளம்னு சொன்னீங்க. அது?"

"வியாதியா இருக்கலாம்."

"இருக்கலாம்னா?"

"எனக்கே பிரிக்கத் தெரியலை. தெரிஞ்ச மாதிரி உங்ககிட்ட பேசினதுதான் தப்பு."

டிரைவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். வெளியே லாரிக் கதவைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. எங்கேயும் கிளம்பவில்லை, சும்மா திறந்து மூடினார். குருவி டம்ளரைக் கையில் வைத்தபடி போதகரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கும் நாக்கைக் கடிச்சுக்குமா ஐயா?"

"கடிச்சுக்கும்." அவர் நாக்கை நீட்டி ஓரத்தைக் காட்டினார். அவள் தன் நாக்கை நீட்டிக் காட்டினாள். இரண்டு பேரும் மருத்துவர்கள்போல ஒருவர் காயத்தை ஒருவர் பரிசோதித்தார்கள். குருவியின் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. பிறகு உள்ளே போய், பழைய மாத்திரை அட்டையை எடுத்துவந்து, காலாவதியாகிவிட்டதா என்று டீச்சரிடம் காட்டிக் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் அந்தத் தகப்பனின் பகுதியையே வாசித்தார். தன் வியாதியின் பெயரைச் சொன்னார். தான் நின்றுபோன நேரங்களில் சபை எதை நினைத்ததோ அதையேதான் தானும் நினைத்ததாகச் சொன்னார். இங்கே ஜெபித்தபின் மருந்தை நிறுத்தியவர்கள் யாராக இருந்தாலும் இன்றைக்கே தொடங்க வேண்டும் என்றார். நீண்ட பிரசங்கம் இல்லை. தையல்கடைக்காரரும் மனைவியும் பாதியில் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள். கூட்டம் முடிந்ததும் வயதான வாட்ச்மேன் ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, "சர்க்கரைக்கு நிறுத்தினதும் இதுல சேருமா ஐயா?" என்று கேட்டார். போதகர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. டிரைவர் வரவில்லை, குருவியும் அம்மாவும் வந்தார்கள். வகுப்பில் தள்ளிவைத்த கேள்விக்கு டீச்சரே அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பதில் சொன்னாள். பூமிக்குக் கோடிக்கணக்கான வருஷம் வயசு, அது ஞாயித்துக்கிழமையும் அவ்வளவுதான் என்றாள். அப்போ ஆறு நாள்னு ஏன் எழுதினாங்க என்று குருவி விடவில்லை. எழுதினவங்க வயசைக் கணக்கு போடலை, பூமி யாரோடதுன்னு சொல்ல வந்தாங்க என்று தனக்குத் தோன்றியதை டீச்சர் சொன்னாள். அதில் தனக்கே முழுத் தெளிவு இல்லை என்பதையும் சொன்னாள். குருவி யோசித்துவிட்டு, "ரெண்டையும் எழுதினா எத்தனை மார்க்?" என்றாள்.

அடுத்தடுத்த வாரங்களில் கூட்டம் குறைந்தது. நிசப்தத்துக்காக வந்தவர்கள் வேறு இடம் தேடிப் போனார்கள். நாற்காலிகளில் சிலவற்றை மடக்கிச் சுவரோரம் சாய்க்க வேண்டியிருந்தது. டிரைவர் ஒரு முறை தாமதமாக வந்து, உட்காராமல் கதவருகே நின்று, கடைசிப் பாட்டுக்கு முன்னால் போய்விட்டார். போதகர் மாத்திரையைத் தவறாமல் போட்டார். அவருக்குள் இருந்த வெறுமை மட்டும் அப்படியே இருந்தது. அதை யாரிடமும் மறைக்கவும் இல்லை.

ஒரு காலை டீச்சர் பள்ளிக்குக் கிளம்பி முன்னறைக்கு வந்தபோது அவர் முழங்காலில் நின்றிருந்தார். மடித்த போர்வை ஒன்றை அடியில் போட்டிருந்தார். கண் திறந்திருந்தது. வராத ஒன்றைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன முகம்.

"டீச்சர்," என்றார் திரும்பாமலே. "நீ ஜெபம் பண்ணும்போது உனக்கு எப்படி இருக்கும்?"

அவள் பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

"இப்படித்தான். எதுவும் வராது."

"எப்பவுமா?"

"எப்பவும்."

அவர் இப்போது திரும்பி அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு நாளும் சொல்லலையே."

"நீங்க கேக்கலையே."

தெருவில் பள்ளி வண்டி யாருக்காகவோ ஹார்ன் அடித்தது. போதகர் ஒரு முழங்காலை உயர்த்திப் போர்வையின் மடிப்பில் ஒன்றைப் பிரித்தார். அது அகலமானது. ஒரு பாதியைக் கையால் நீவி, சுருக்கம் எடுத்து, அவள் பக்கம் தள்ளினார்.